முழுப் பரங்கிக்காயிலிருந்து பம்ப்கின் பை: முதல்முறை செய்பவர்களுக்கு

பம்ப்கின் பை என்பது பரங்கி விழுதும் முட்டையும் பாலும் கலந்த பூரணத்தை மைதா ஓட்டில் ஊற்றி ஓவனில் சுடும் இனிப்பு. அது சரியாக வராததற்குப் பலரும் முட்டையைக் குறை சொல்வார்கள், ஓவனைக் குறை சொல்வார்கள், மைதாவைக்கூடக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்தான். பச்சைப் பரங்கிக்காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். டின்னில் விற்கும் விழுது எப்போது திறந்தாலும் ஏறக்குறைய ஒரே கெட்டியாக இருக்கும்; அச்சில் வரும் அளவுகளில் பெரும்பாலானவை அதை நம்பி எழுதப்பட்டவை. முழுக் காயை வாங்கி வேகவைத்து அரைத்து, அதே அளவுகளை அப்படியே பின்பற்றினால் பூரணம் நீர்த்துப்போகும், அடிமாவு ஊறிப்போகும், வெட்டும்போது துண்டு நிற்காது. காயிலிருந்து தண்ணீரை எடுக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சாதாரண வேலை. அதனால் இங்கே விழுதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். முதல் நாள் விழுதும் மாவும், மறுநாள் பேக்கிங். அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையும், கனடாவில் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமையும் தேங்க்ஸ்கிவிங் (நன்றி கூறும் நாள்) விருந்து. அந்த விருந்துக்கு உரிய இனிப்பு இது. அங்கே பல வீடுகளில் முந்தைய நாளே சுட்டு வைத்துவிடுகிறார்கள். அதில் நல்ல காரணம் இருக்கிறது: கஸ்டர்ட், அதாவது முட்டையும் பாலும் சேர்ந்த பூரணம், ஆறி இறுகப் பல மணி நேரம் வேண்டும்.

எந்தக் காய்?

ஹாலோவீனுக்காக முகம் செதுக்கும் பெரிய ஆரஞ்சுக் காய்களை விட்டுவிடுங்கள். அவை பெரிதாக வளர்வதற்கும் எளிதாகக் குடைவதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட வகைகள். சதை மெல்லியது, நார் அதிகம், இனிப்பு குறைவு, தண்ணீர் ஏராளம். செதுக்கி, உள்ளே விளக்கேற்றி, வாசலில் வைத்த காயை எந்தக் காரணத்துக்காகவும் சமைக்கக் கூடாது. வெட்டிய சதை வெளியில் கிடந்தால் கிருமிகள் பெருகிவிடும்.

தேட வேண்டியது ‘சுகர் பம்ப்கின்’ அல்லது ‘பை பம்ப்கின்’ என்ற பெயரில் விற்கும் சிறிய, உருண்டையான காய். ஒன்றரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை எடையுள்ள ஒன்று ஒரு பைக்குப் போதும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். காம்பு காய்ந்து கெட்டியாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோல் இறங்கக் கூடாது. மெத்தென்ற இடம் ஒன்று இருந்தாலும் எடுக்காதீர்கள்.

அது கிடைக்கவில்லையென்றால் வருத்தப்பட வேண்டாம். பட்டர்நட் ஸ்குவாஷ் என்ற நீண்ட பரங்கி வகையில் இன்னும் நல்ல விழுது கிடைக்கும் என்பது என் கருத்து. டின் விழுதுக்காக இல்லினாய் மாநிலத்தில் பெருமளவில் பயிராகும் டிக்கின்சன் வகையும் பட்டர்நட்டும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. வெளிறிய பழுப்புத் தோலும் நீள்வட்ட வடிவமும் கொண்ட டிக்கின்சன், படத்தில் பார்க்கும் ஆரஞ்சு உருண்டையைப் போலவே இருக்காது. தோலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சதை அடர்ந்த மஞ்சளாகவும் இறுக்கமாகவும் இருப்பதுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. வெந்த சதையில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால், அந்தக் காய் முழுவதையும் குப்பையில் போடுங்கள். அலங்காரத்துக்கு வளர்க்கும் சுரை வகைகளோடு மகரந்தம் கலந்த விதையிலிருந்து வளர்ந்த காய்களில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் இருக்கக்கூடும். அது வயிற்றைக் கடுமையாகப் புரட்டிவிடும். சர்க்கரை போட்டு மறைக்கிற கசப்பு அல்ல அது.

வெட்டுவதும் சுடுவதும்

முதலில் காயை நன்றாகக் கழுவித் துடையுங்கள். பலகையின் அடியில் ஈரத்துணி விரித்தால் நழுவாது. காம்பின் குறுக்கே கத்தியை இறக்க முயல்வதுதான் எல்லோரும் செய்வது. கத்தி அங்கே சிக்கிக்கொள்ளும், கை வழுக்கும். காம்பை ஒட்டிய பக்கத்தில் கத்தியின் முனையை நுழைத்து, மேலிருந்து கீழாக அடிவரை இறக்குங்கள். காயைத் திருப்பி மறுபக்கமும் அப்படியே. பிறகு இரண்டு கையாலும் பிளந்தால் இரண்டாக வரும். தோல் மிகவும் கடினமாக இருந்தால் நாலைந்து இடத்தில் கத்தி முனையால் குத்திவிட்டு, சூடான ஓவனில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள், இளகிவிடும்.

விதையையும் நாரையும் உலோகக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். நாரை மிச்சம் வைத்தால் பின்னால் வடிகட்டும்போது தொல்லை. விதைகளைத் தனியே கழுவிக் காயவைத்து, எண்ணெயும் உப்பும் புரட்டி வறுத்துக்கொள்ளலாம்.

வேகவைக்கப் பலருக்கும் தோன்றும் முதல் வழி, துண்டு போட்டுத் தண்ணீரில் கொதிக்கவிடுவது. வேண்டாம். ஏற்கெனவே தண்ணீர் அதிகமுள்ள காய்க்குள் இன்னும் தண்ணீரைச் செலுத்துகிற வேலை அது. ஆவியில் வேகவைப்பது பரவாயில்லை. ஓவனில் சுடுவது எல்லாவற்றையும்விட மேல்: தண்ணீர் வெளியேறும், சர்க்கரை செறியும், விளிம்புகள் லேசாகச் சிவந்து சுவை கூடும்.

ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு (400 டிகிரி ஃபாரன்ஹீட்) சூடேற்றுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி இரண்டு பாதிகளையும் கவிழ்த்து வையுங்கள். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். தோலின் மேல் கத்தியைக் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். தோல் சுருங்கிக் குழிந்து, விளிம்பில் பாகு கசிந்து கருகியிருக்கும். அது நல்ல அடையாளம். அரைகுறையாக வெந்த காயை எந்த மிக்ஸியாலும் வழவழப்பாக்க முடியாது, ஆகவே சந்தேகமிருந்தால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். எடுத்தவுடன் பாதிகளை நிமிர்த்தி வைத்து ஆவி போகவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் சதையை வழித்தெடுங்கள்.

விழுது

சதையை மிக்ஸியில் தண்ணீர் சேர்க்காமல் அரையுங்கள். பிளேடு சுற்றாமல் நின்றால் அணைத்து, கரண்டியால் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அவசரத்தில் கால் கப் தண்ணீர் ஊற்றினால் அதையும் பிறகு நீங்களே வற்றவைக்க வேண்டியிருக்கும். நார் தட்டுப்பட்டால் சல்லடையில் தேய்த்து வடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிடைத்திருப்பது பார்க்க விழுதுபோலத்தான் இருக்கும். நம்பாதீர்கள். ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி எடுத்துக் குவித்து வைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். குவியலைச் சுற்றி வெளிறிய நீர் ஒரு வளையமாகக் கசிந்து நிற்கும். அந்த வளையம் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீர் உங்கள் பைக்குள் போகக் காத்திருக்கிறது.

அதை இரண்டு கட்டமாக எடுக்கலாம். முதலில், ஒரு சல்லடையில் மெல்லிய பருத்தித் துணியை விரித்து, விழுதைக் கொட்டி, கீழே பாத்திரம் வைத்து ஃபிரிட்ஜில் விடுங்கள். இரவு முழுவதும் இருந்தால் நல்லது. இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். காலையில் கீழே சேர்ந்திருக்கும் நீரின் அளவு காய்க்குக் காய் மாறும். சில காயில் இரண்டு ஸ்பூன்தான் வரும், சிலவற்றில் ஒரு கப்புக்கு மேல் வந்துவிடும். ‘இத்தனை கப் விழுது’ என்று மட்டும் சொல்லும் குறிப்பை நம்ப முடியாமல் போவது இதனால்தான். கப்பால் அளந்தால் தண்ணீரும் விழுதாகக் கணக்கில் வந்துவிடும்.

இரண்டாவது கட்டம் அடுப்பில். அடி கனமான அகலப் பாத்திரத்தை வெறுமையாக எடைபோட்டு, எடையைக் குறித்து வையுங்கள். வடிந்த விழுதில் ஏறக்குறைய 550 கிராம் எடுத்து அதில் போட்டு, மிதமான தீயில் விடாமல் கிளறுங்கள். முதலில் சூடான குமிழிகள் வெடித்துத் தெறிக்கும். நீண்ட கைப்பிடியுள்ள மரக்கரண்டி நல்லது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆவி குறையும், நிறம் ஒரு படி அடர்த்தியாகும், பச்சைக் காய் வாசனை போய் வறுத்த இனிப்பு வாசனை வரும். கரண்டியால் பாத்திரத்தின் அடியைக் கீறுங்கள். பாதை உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். பாதை அப்படியே நின்று, மெதுவாகச் சரிந்து மூடினால் பக்குவம் வந்துவிட்டது. பாத்திரத்தோடு எடைபோடுங்கள், வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்தால் 425 கிராம் இருக்க வேண்டும். ஒரு டின்னில் இருக்கும் அளவும் அதுதான் என்பதால், பிறகு வேறு எந்தக் குறிப்பை எடுத்தாலும் இந்த விழுதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். எடை வந்தும் விழுது தளர்வாகவே இருந்தால், இன்னும் கொஞ்சம் விழுது சேர்த்து வற்றவையுங்கள். எடையும் கரண்டிப் பாதையும் இரண்டும் ஒத்துவர வேண்டும்.

ஃபிரிட்ஜில் மூன்று நாள் வரை இந்த விழுது தாங்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் 425 கிராம் பொட்டலங்களாகக் கட்டி ஃபிரீசரில் வையுங்கள்; சில மாதங்கள் இருக்கும். உறைந்து இளகும்போது மறுபடி நீர் விடும், அதை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்து அலமாரியில் சேமிக்கும் வேலை மட்டும் கூடாது. அடர்த்தியான விழுதின் நடுவரை சூடு போய்ச் சேர்வதை உறுதி செய்ய வீட்டில் வழியில்லை; பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் நஞ்சு உருவாகும் ஆபத்து உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டுதலும் பரங்கி விழுதை வீட்டில் புட்டியில் அடைக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

க்ரஸ்ட்

க்ரஸ்ட் என்பது பூரணத்தைத் தாங்கும் அடிமாவு ஓடு. 9 அங்குல (23 செ.மீ.) விட்டமுள்ள ஆழமான பை தட்டு ஒன்றுக்கு: மைதா 160 கிராம், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டி வெண்ணெய் 115 கிராம், ஐஸ் தண்ணீர் 3 முதல் 4 டேபிள்ஸ்பூன்.

மாவு, உப்பு, சர்க்கரையைக் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டு விரல் நுனியால் உதிருங்கள். உள்ளங்கை படக் கூடாது; அதன் சூட்டில் வெண்ணெய் உருகும். பட்டாணி அளவில் சில கட்டிகள் மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள். அந்தக் கட்டிகள்தான் ஓவனில் உருகி ஆவி விட்டு அடுக்கடுக்காகப் பிரிக்கின்றன. தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளித்து, கையில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சேர்த்தால் போதும். பிசையாதீர்கள். பிசைந்தால் மைதாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி, சுடும்போது மாவு சுருங்கிக் கீழே இறங்கிவிடும். தட்டையான வட்டமாக்கி, சுற்றிக் கட்டி, ஃபிரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள்.

மாவு தூவிய மேடையில் பூரிக்கட்டையால் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு, 30 செ.மீ. வட்டமாகத் தேயுங்கள். தட்டில் போர்த்தும்போது இழுத்து நீட்டாமல், தூக்கித் தூக்கி உள்மூலையில் இறக்குங்கள். ஓரத்தில் தொங்குவதை உள்பக்கம் மடித்து விரலால் அழுத்தி மடிப்பு வையுங்கள். மறுபடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில்.

பூரணம் ஊற்றுவதற்கு முன் க்ரஸ்ட்டைத் தனியாகச் சுட்டெடுப்பது கட்டாயம். நீர்ப்பசையுள்ள பூரணத்தின் கீழே பச்சை மாவு ஒருநாளும் மொறுமொறுப்பாகாது. உள்ளே பட்டர் பேப்பர் விரித்து, விளிம்புவரை உலர்ந்த பீன்ஸையோ அரிசியையோ நிரப்பி, 200 டிகிரியில் 20 நிமிடம் சுடுங்கள். பேப்பரோடு பாரத்தை எடுத்துவிட்டு இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம். அடிப்பகுதி ஈரப் பளபளப்பு போய் லேசான பொன்னிறத்தில் இருக்க வேண்டும். உடனே ஓவனை 175 டிகிரிக்கு (350 ஃபாரன்ஹீட்) குறைத்துவிடுங்கள்.

பூரணம்

க்ரஸ்ட் ஓவனில் இருக்கும்போதே இதைத் தொடங்குவது நல்லது. சூடான க்ரஸ்ட்டில் வெதுவெதுப்பான பூரணம் விழுந்தால் சுடும் நேரம் குறையும், அடியும் ஊறாது.

அளவுகள்: வற்றவைத்த விழுது 425 கிராம், பிரவுன் சுகர் 150 கிராம், உப்பு அரை டீஸ்பூன், பட்டைத்தூள் ஒன்றரை டீஸ்பூன், சுக்குத்தூள் ஒரு டீஸ்பூன், ஜாதிக்காய்த்தூள் கால் டீஸ்பூன், கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை, கெட்டி கிரீம் 240 மில்லி, பால் 60 மில்லி, முட்டை மூன்று. கிரீமுக்கும் பாலுக்கும் பதிலாக 300 மில்லி எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் வற்றவைத்த டின் பால்) ஊற்றலாம். அதற்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றிவிடாதீர்கள். அதில் சர்க்கரை ஏராளம்.

விழுது அடுப்பில் சூடாக இருக்கும்போதே சர்க்கரை, உப்பு, மசாலாத்தூள்களைச் சேர்த்து மூன்று நிமிடம் கிளறுங்கள். சர்க்கரை கரைந்து விழுது இளகிப் பளபளக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீர் திரும்ப வந்துவிடவில்லை. மசாலா சூட்டில் ஒருமுறை விழித்துக்கொண்டால் பொடி வாசனை போய்விடும். கிராம்பில் மட்டும் கை தாராளம் காட்டாதீர்கள். ஒரு சிட்டிகை கூடினாலும் பரங்கியின் சுவையை அமுக்கிவிடும், இவ்வளவு பாடுபட்டு எடுத்த விழுது வீண்.

அடுப்பிலிருந்து இறக்கி, குளிர்ந்த கிரீமையும் பாலையும் ஊற்றிக் கலக்குங்கள். சூடு தணிந்து வெதுவெதுப்புக்கு வந்துவிடும். இப்போது சுவை பார்த்து உப்பையும் சர்க்கரையையும் சரிசெய்யுங்கள், ஏனென்றால் முட்டை சேர்த்த பிறகு பச்சையாகச் சுவை பார்க்கக் கூடாது. பிறகு முட்டைகளைத் தனியே அடித்து ஊற்றி, விஸ்க்கால் நிதானமாகக் கலக்குங்கள். நுரை எழும்ப அடித்தால் மேற்பரப்பில் குமிழிகள் நின்று குழி விழும். சல்லடையில் ஒருமுறை வடித்துவிட்டால் பட்டுப்போல் வரும்.

ஓவனில்

க்ரஸ்ட்டை ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு தட்டையான டிரேயின் மேல் வைத்து, அங்கேயே பூரணத்தை ஊற்றுங்கள். நிரம்பிய பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். 175 டிகிரியில் 40 முதல் 55 நிமிடம். விளிம்பு சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளைப் பட்டையாக மடித்துச் சுற்றிவிடுங்கள்.

எப்போது எடுப்பது என்பதுதான் புதியவர்கள் தடுமாறும் இடம். 40 நிமிடம் ஆனதும் டிரேயை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். பை முழுவதும் அலைபோல் தளும்பினால் இன்னும் வேகவில்லை. ஓரத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குச் சற்று உப்பி அசையாமல் நின்று, நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் மெதுவாக நடுங்கினால், அந்த நொடியில் எடுத்துவிடுங்கள். நடுப்பகுதி உள்ளிருக்கும் சூட்டிலேயே வெந்து இறுகிக்கொள்ளும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 80 டிகிரி செல்சியஸ்.

நடுவும் அசையாமல் நிற்கட்டும் என்று காத்திருந்தால், பக்கங்களில் முட்டைப் புரதம் அளவுக்கு மீறிச் சுருங்கிப் பிடித்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். மேலே வெடிப்பு விழும். கீழே க்ரஸ்ட்டின் மேல் ஒரு நீர்ப்படலம் தேங்கும். ராத்திரி முழுக்க வடித்து, அடுப்பில் வற்றவைத்துச் செய்த பையிலும் கடைசிப் பத்து நிமிட அலட்சியத்தால் தண்ணீர் திரும்ப வந்துவிடும்.

அதற்குப் பிறகு

கம்பித் தட்டில் வைத்து, அறை வெப்பத்தில் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போதே ஃபிரிட்ஜில் தள்ளினாலும் வெடிப்பு வரலாம், மேலே வியர்த்து நீர் கோர்க்கும். ஆனால் இது முட்டையும் பாலும் சேர்ந்த பண்டம்; ஓவனிலிருந்து எடுத்தபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. தளர்வாக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் நன்றாக இருக்கும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் மசாலா இறங்கிச் சுவை கூடியிருக்கும் என்பது என் எண்ணம். க்ரஸ்ட்டின் மொறுமொறுப்பை விரும்புகிறவர்களுக்கு முதல் நாள்தான்.

வெட்டும்போது மெல்லிய கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் முன் மறுபடி துடையுங்கள். முதல் துண்டை எடுப்பது கடினம். அதனால் முதலில் இரண்டு துண்டுகளுக்கு வெட்டுப்போட்டுவிட்டு, பிறகு ஒன்றைத் தூக்குங்கள். இனிப்புச் சேர்க்காமல் அடித்த கிரீம் ஒரு கரண்டி பக்கத்தில் வைத்தால் போதும். பூரணம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் வீணாக்காமல் சிறிய பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, பையோடு சேர்த்தே ஓவனில் வையுங்கள். சிறியது என்பதால் 20 நிமிடத்திலேயே வெந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குங்கள்.